ஆஷாவுக்கு எந்த அலமாரி?

கேசட் கடைக்காரருக்கு உலகம் மூன்றே அலமாரி. சினிமா, சாமி, மற்றவை. அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து ஆவடி மார்க்கெட் வரை எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் இந்த வரிசைதான். 'மற்றவை' என்பது கடைசித் தட்டு. நாதஸ்வரமும், நகைச்சுவை நாடகமும், யாரும் கேட்காத இங்கிலீஷ் பாட்டும் அதில் தூசியோடு ஒண்ணாகக் கிடக்கும்.

கேசட் போய் சி.டி. வந்தது. சி.டி.யும் போய் எல்லாம் செல்போனுக்குள் வந்துவிட்டது. ஆனால் அந்த மூன்று அலமாரிகள் ஒழியவில்லை. கடையைக் காலி பண்ணிக்கொண்டு நம் காதுக்குள் குடியேறிவிட்டன. ஒரு குரலைக் கேட்டதும் 'இது என்ன ரகம்?' என்று கேட்கிறோம். சட்டென்று பதில் கிடைக்கவில்லை என்றால் விரல் அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுகிறது.

அப்படி எந்த அலமாரியிலும் அடங்காததால் நாம் தவறவிட்ட ஒரு குரலைப் பற்றித்தான் இந்த வாரம். பெயர் ஆஷா. அவசரப்படாதீர்கள், போஸ்லே இல்லை. ஆஷா புத்லி.

1945-ல் பாம்பேயில் பிறந்தவர். கமலாதேவி சட்டோபாத்யாயாவின் உறவுக்காரப் பெண். ஒரு பக்கம் இந்துஸ்தானி சங்கீதம், இன்னொரு பக்கம் மேற்கத்திய ஆபரா என்று இரண்டு பயிற்சிகளும் நடந்தன. 60-களின் கடைசியில் சர்ஃபர்ஸ் என்ற குழுவோடு சேர்ந்து இங்கிலீஷ் பாப் பாட்டுகளை ரிக்கார்டு செய்தார். அப்புறம் பி.ஓ.ஏ.சி. விமானத்தில் பணிப்பெண் வேலை. மார்த்தா கிரஹாம் நடனப் பள்ளியின் உதவித்தொகை கிடைத்து நியூயார்க்கில் போய் இறங்கினார். வேத் மேத்தா என்ற எழுத்தாளர் 1970-ல் இந்தியாவைப் பற்றி எழுதிய புத்தகத்தில், பாம்பேயில் ஜாஸ் பாடும் பெண்ணாக இவர் வருகிறார்.

கொலம்பியா ரிக்கார்டு கம்பெனியில் ஜான் ஹாமண்ட் என்று ஒரு பெரிய மனிதர் இருந்தார். பில்லி ஹாலிடே, பாப் டிலன் என்று அவர் கைகாட்டி மேலே வந்தவர்களின் பட்டியல் நீளம். அவர் ஆஷாவை ஆர்னெட் கோல்மனிடம் அனுப்பினார். கதை இங்கேதான் சூடு பிடிக்கிறது.

ஆர்னெட் கோல்மன் டெக்சாஸில் பிறந்த ஏழைக் கறுப்பின இளைஞர். லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பெரிய கடையில் லிஃப்ட் ஆபரேட்டராக வேலை பார்த்தவர். காசில்லாத காலத்தில் பிளாஸ்டிக் சாக்ஸபோன் வாங்கி வாசித்தார். ஜாஸ் என்றாலே ஸ்டார் ஹோட்டலில் சூப் குடிக்கும்போது பின்னால் கேட்கிற சங்கதி என்று நம்மில் பலருக்கு ஒரு நினைப்பு உண்டு. லிஃப்ட் ஆபரேட்டரின் ஜாஸ் அப்படி இல்லை. பாட்டுக்குக் கீழே பியானோவோ கிடாரோ 'கார்டு' போட்டு வழி காட்டிக்கொண்டே போகவேண்டும் என்ற விதியை அவர் தூக்கிப் போட்டார். ஒவ்வொருவரும் தன் ராகத்தைத் தானே கொண்டுபோகட்டும், எல்லோரும் ஒருத்தரையொருத்தர் கேட்டுக்கொண்டே போனால் போதும் என்றார். பாதிப்பேர் மேதை என்றார்கள். மீதிப்பேர் ஏமாற்றுக்காரன் என்றார்கள். அடிதடி வரை போனதுண்டு.

1971 செப்டம்பர், அக்டோபரில் அவர் நியூயார்க்கில் பதிவு செய்த ஆல்பம் 'சயின்ஸ் ஃபிக்‌ஷன்'. அடுத்த ஆண்டு வெளிவந்தது. மொத்தம் எட்டு உருப்படிகள். அதில் இரண்டில் மட்டும் ஆஷா பாடினார். 'வாட் ரீசன் குட் ஐ கிவ்', 'ஆல் மை லைஃப்'. இரண்டையும் கூட்டினால் எட்டு நிமிஷம்கூட வராது. அந்தச் சின்னக் கணக்கை வைத்துத்தான் ஜாஸ் சரித்திரத்தில் அவருக்கு ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். 'டவுன்பீட்' பத்திரிகையின் விமர்சகர் தேர்விலும் அவர் பெயர் வந்தது.

அப்படி என்ன இருக்கிறது அதில்?

ஆல்பத்தைப் போட்டதும் முதலில் வருவதே ஆஷாவின் பாட்டுதான். கூடவே ட்ரம்பெட்டுகளும் சாக்ஸபோன்களும் அதே மெட்டை வாசிக்கின்றன. ஆனால் அச்சில் வார்த்த மாதிரி ஒட்டிப்போவதில்லை. கொஞ்சம் முந்தி, கொஞ்சம் பிந்தி. பாட்டு மிக மெதுவாக நகர்கிறது. தாளம் என்று விரல் விட்டு எண்ண முடியாது. கீழே டிரம்ஸ் மட்டும் ஒரே கொந்தளிப்பு.

எஸ்டேட்டில் ஜாப் ஒர்க் செய்யும் நண்பர் ஒருவருக்கு இதைப் போட்டுக் காட்டினேன். சொந்தமாக ரெண்டு லேத் வைத்திருக்கிறார். ஜாஸ் வாசனையே கிடையாது. மூன்று நிமிஷமும் பேசாமல் கேட்டார்.

"தேர் மாதிரி இருக்கு சார்" என்றார்.

"எப்படி?"

"மேல தேர் அசைஞ்சு அசைஞ்சு மெதுவாத்தான் போவுது. கீழ பாருங்க, முட்டுக்கட்டை போடுறவன் மட்டும் என்னா ஓட்டம் ஓடுறான்!"

இதைவிட நல்ல விமர்சனத்தை இங்கிலீஷிலும் நான் படித்ததில்லை. மேலே அவசரமே இல்லாத குரல், கீழே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் டிரம்ஸ். இரண்டும் ஒரே தேர். இந்த இசை புரியாது, கடினம் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்கள். திருமுல்லைவாயில் தெருவில் சாமி புறப்பாட்டுக்கு நின்று தவில் கேட்டவனுக்கு இதில் அவ்வளவு கஷ்டம் இருக்காது என்பது என் கட்சி.

"சுருதி அங்கங்கே விலகுற மாதிரி இல்லையா?" என்று நண்பரைக் கொஞ்சம் சீண்டிப் பார்த்தேன்.

"விலகல சார். டாலரன்ஸ்குள்ள இருக்கு" என்றார்.

சிரித்துவிட்டேன். ஆனால் விஷயமே அங்கேதான் இருக்கிறது. நம் பாடகிக்குப் பின்னால் எப்போதும் தம்புரா இருக்கும், இல்லையென்றால் சுருதிப் பெட்டி. எவ்வளவு தூரம் போனாலும் திரும்பி வர வீட்டு வாசலில் ஒரு விளக்கு எரிகிற மாதிரி. மேற்கத்தியப் பாடகிக்கு அந்த வேலையைப் பியானோ செய்யும். ஆஷாவுக்கு இந்த இரண்டு பாட்டிலும் இரண்டுமே இல்லை. சார்லி ஹேடனின் பாஸ் இருக்கிறது, ஆனால் அதுவும் தன் வழியில் நடக்கிறது. சுற்றி நாலு பேர் நாலு திசையில் பேசிக்கொண்டிருக்க, நடுவில் நின்று ஒரு ஸ்வரத்தை இழுத்துப் பிடித்து அசையாமல் வைத்திருக்க வேண்டும். 'இந்துஸ்தானி கற்றவர், அதனால் சுலபமாகப் பாடிவிட்டார்' என்று எழுதுகிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. கற்ற கலையின் ஆதாரமான தம்புராவையே பிடுங்கிக்கொண்டு பாடச் சொன்னார்கள். பயிற்சி கொடுத்தது மூச்சை. மூச்சோடு கூட வேண்டிய தைரியம் அவர் சொந்தமாகக் கொண்டுவந்தது.

இன்னொன்றும் கவனியுங்கள். அதே 1971 ஆகஸ்ட் 1-ம் தேதி, அதே நியூயார்க்கில், பங்களாதேஷுக்காக ரவிஷங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் நடத்திய கச்சேரி. ஊரே சிதார் மயக்கத்தில் கிடந்த நேரம். ஓரிரு மாதத்தில் ஸ்டுடியோவுக்குள் நுழைகிற இந்தியப் பெண் என்ன செய்திருக்கலாம்? நடுவே ஒரு ஆலாபனை, ஒரு தான், நாலு கமகம் என்று மசாலா தூவியிருக்கலாம். விமர்சகர்கள் 'கீழைத்தேய மர்மம்' என்று பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். அவர் ஒரு சிட்டிகைகூடத் தூவவில்லை. ஆர்னெட் எழுதிய மெட்டை, ஆர்னெட் எழுதிய இங்கிலீஷ் வார்த்தைகளில், ஊதுகுழல்களில் ஒன்றைப்போல நின்று பாடிவிட்டு வெளியே வந்தார். தன் ஊரை விற்காமல் தன் பயிற்சியை மட்டும் பயன்படுத்திக்கொண்டது பெரிய விஷயம். வெளிநாட்டில் 'ஃப்யூஷன்' செய்யப் போகிற நம்மாட்கள் பலருக்கு இன்றும் வராத கட்டுப்பாடு அது.

குறையே இல்லையா? இருக்கிறது. 'ஆல் மை லைஃப்' பாட்டில் மேல் ஸ்தாயியில் குரல் மெலிகிறது. சில இடத்தில் பின்வாத்தியங்களின் சத்தத்துக்கு வழிவிட்டு ஒதுங்குகிறது. மேடையில் நூறு முறை பாடிப் பழகின பாட்டுகள் இல்லை இவை. ஆனால் காதல் பாட்டைத் திடமான குரலில் பாட ஆயிரம் பேர் உண்டு. நிலைகுலைகிற இடத்தில் நிலைகுலைந்து, ஆனாலும் விழாமல் நிற்கிற குரல் அந்தப் பாட்டுக்குத் தேவைப்பட்டது. கிடைத்தது.

சரி, அதற்கப்புறம்?

நான் பி.காம். படித்தவன். கலையைப் பற்றிப் பேசும்போதும் பேரேட்டில் ஒரு கண் போகும். ஆஷாவின் பேரேட்டைப் பார்ப்போம். 1973-ல் சி.பி.எஸ். கம்பெனி அவர் பெயரிலேயே ஒரு ஆல்பம் போட்டது. ஆர்னெட்டின் காற்று அதில் இல்லை. ஜே.ஜே. கேல், ஜார்ஜ் ஹாரிசன் என்று மற்றவர்களின் பாட்டுகளைக் கொஞ்சும் குரலில் பாட வைத்தார்கள். 1976-ல் ஜெர்மனியில் தயாரான 'தி டெவில் இஸ் லூஸ்' டிஸ்கோ பக்கம் போனது. அதில் 'ஸ்பேஸ் டாக்' என்ற பாட்டு நியூயார்க் நடனக் கூடங்களில் ஓடு ஓடென்று ஓடியது. சுகமான பாட்டு, மறுக்கவில்லை. ஆனால் காதோரம் ரகசியம் சொல்கிற குரல் அது. 1971-ல் புயலுக்கு நடுவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்மணியைக் கம்பெனி அதற்கப்புறம் பாட விடவே இல்லை. அந்த ரகத்துக்கு அவர்களிடமும் அலமாரி இல்லை. 'கவர்ச்சியான ஆசியப் பெண், டிஸ்கோ' என்ற அலமாரி காலியாக இருந்தது. அதில் வைத்தார்கள்.

1997-ல் நொட்டோரியஸ் பி.ஐ.ஜி. என்ற ராப் பாடகர், 'ஸ்பேஸ் டாக்' பாட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தன் பாட்டுக்கு அடித்தளமாகப் போட்டார். அந்த ஆல்பம் உலகம் முழுக்க விற்றது. சாம்பிளிங் என்பார்கள். பழைய ரிக்கார்டிலிருந்து சில நொடிகளை வெட்டி, திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதன்மேல் புதுப் பாட்டைக் கட்டுவது. காசு முதலில் போவது ரிக்கார்டின் உரிமையாளருக்கும் மெட்டின் உரிமையாளருக்கும். குரல் கொடுத்தவருக்கு எவ்வளவு என்பது எப்போதோ கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தைப் பொறுத்தது. ஆஷாவின் குரலைக் காரில் கேட்டுத் தலையாட்டின லட்சக்கணக்கான பேருக்கு அவர் பெயர் தெரியாது.

கணக்குப் பாஷையில் சொன்னால் இது 'குட்வில்'. கண்ணுக்குத் தெரியாத சொத்து. கடையை யார் வாங்குகிறாரோ அவர் கணக்கில் ஏறும். கடைக்கு அந்த நல்ல பெயரைச் சம்பாதித்துக் கொடுத்த சிப்பந்தி கணக்கில் ஏறாது.

'எங்கேயோ நியூயார்க்கில் நடந்ததுக்கு நமக்கென்ன சார்?' என்று நீங்கள் கேட்கலாம். நம்ம ஊருக்கே வருவோம்.

எல்.ஆர். ஈஸ்வரியை எடுத்துக்குங்க. மூச்சையும் சிரிப்பையும் கூவலையும் பாட்டுக்குள் அந்த அளவுக்குத் துணிச்சலாகக் கொண்டுவந்த குரல் தமிழ் சினிமாவில் வேறு எது? ஜாஸ் உலகத்தில் பிறந்திருந்தால் அந்தச் சிரிப்பை வைத்தே ஆராய்ச்சிப் புத்தகம் எழுதியிருப்பார்கள். நாம் என்ன செய்தோம்? 'கிளப் டான்ஸ் பாட்டு' என்று ஒரு அலமாரியில் வைத்தோம். அதே குரல் மாரியம்மன் பாட்டுப் பாடியபோது 'சாமி' அலமாரியில் இன்னொரு தரம் வைத்தோம். ஆடி மாசம் திருவேற்காடு கருமாரியம்மன் கோயில் பக்கம் போனால் லவுட் ஸ்பீக்கரில் கேட்கிற அந்தக் குரலுக்குக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்கள்தான், கிளப் பாட்டென்றால் கொஞ்சம் நெளிகிறார்கள். ஒரே தொண்டை, இரண்டு அலமாரி. நடுவில் அந்தக் கலைஞர் என்ன சோதனை செய்தார் என்று கேட்க நமக்கு நேரமில்லை.

உஷா உதுப் இன்னொரு உதாரணம். அவரும் பாம்பேயில் பிறந்தவர், ஆஷாவைவிட இரண்டு வயது இளையவர். தமிழ்க் குடும்பம். பள்ளிக்கூடத்தில் 'உன் குரல் பாட்டுக்கு ஒத்துவராது' என்று பாட்டு கிளாஸை விட்டு அனுப்பப்பட்ட கதையை அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். 1969-ல் அவர் பாட ஆரம்பித்தது நம்ம மவுண்ட் ரோட்டில், 'நைன் ஜெம்ஸ்' என்ற நைட் கிளப்பில். பட்டுப்புடவை, பெரிய பொட்டு, கனத்த குரல். அலமாரியில் இடம் இல்லை என்றதும் தனக்கென்று ஒரு அலமாரியையே அடித்துச் செய்து மாட்டிக்கொண்டவர் அவர். ஆஷா ஊரை விட்டுப் போனார். உஷா இங்கேயே நின்றார். பத்மபூஷண் அவருக்கு வந்தது 2024-ல்.

ஆஷா தனி ஆளும் இல்லை. அவருக்கு முன்னாலேயே 1962-ல் கொழும்பிலிருந்து போன யோலண்ட் பாவன் என்ற பெண், அமெரிக்காவின் மிகப் பிரபலமான ஜாஸ் குரல் குழுவில் ஆனி ராஸ் இருந்த இடத்துக்கு வந்தார். 1983-ல் பெங்களூர் ஆர்.ஏ. ராமமணி, சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோவோடு 'ஜோதி' என்ற ஆல்பத்தில் கர்நாடகக் குரலை ஜாஸ் பக்கத்தில் உட்கார வைத்தார். மிருதங்கக் கலைஞர் டி.ஏ.எஸ். மணியின் குழு கூட இருந்தது. இவர்கள் பெயரை நம் கல்லூரிகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இப்போது நிலைமை கொஞ்சம் மாறுகிறது. கானவ்யா துரைசாமி என்ற தமிழ்ப் பெண் நியூயார்க்கில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர். ஹரிகதை, அபங்கம் என்று ஒரு பக்கம், ஜாஸ் ஒரு பக்கம். 2018-ல் வந்த அவருடைய முதல் ஆல்பத்தில் பழைய ஜாஸ் பாட்டுகளைத் தமிழில் பாடினார். 2024-ல் வந்த 'டாட்டர் ஆஃப் எ டெம்பிள்' ஆல்பத்தில் ஜான் கோல்ட்ரேனின் இசை ஒரு பஜனை மண்டபத்துக்குள் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. அவர் ஆஷாவைக் கேட்டு வளர்ந்தார் என்றெல்லாம் கதை கட்ட வேண்டாம். பரம்பரை என்பது குரு கையைப் பிடித்துக் கற்றுத் தருவது மட்டும் இல்லை. 'இப்படியும் ஒரு பெண் பாடலாம்' என்பதற்கு ரிக்கார்டில் ஒரு அத்தாட்சி இருப்பதும் பரம்பரைதான். கோர்ட்டில் முன்மாதிரித் தீர்ப்பு மாதிரி. யாரும் எடுத்துக் காட்டாவிட்டாலும் அது செல்லும்.

ஆஷாவின் ஆரம்பகால ரிக்கார்டுகளுக்கு இன்றைக்கு இருக்கிற மதிப்பு அதுதான் என்று நினைக்கிறேன். விற்பனையில் அவை ஒன்றுமில்லை. ராப் பாட்டுக்குப் பயன்பட்டதெல்லாம் பின்னால் வந்த டிஸ்கோ. ஆனால் டிஸ்கோவைப் பாட அவர் இல்லாவிட்டால் வேறு ஒருவர் வந்திருப்பார். அந்த இரண்டு பாட்டுக்கு மாற்று ஆள் எனக்குத் தெரியவில்லை.

தாமதமாக மரியாதையும் வருகிறது. 2000-ல் 'சயின்ஸ் ஃபிக்‌ஷன்' பதிவுகள் முழுமையாக சி.டி.யில் வந்தன. 2022-ல் அவர் பாட்டுகளின் தொகுப்பு ஒன்று வந்தது. 2024-ல், 79 வயதில், இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசை விழா மேடையில் ஏறிப் பாடினார். பேரன் பேத்தி வயசுப் பிள்ளைகள் சேற்றுக்காலோடு நின்று ஆடுகிற விழா அது.

கேட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு யோசனை. முதலில் 'ஸ்பேஸ் டாக்' போடாதீர்கள். அது பிடித்துவிடும், அதோடு நின்றுவிடுவீர்கள். 'வாட் ரீசன் குட் ஐ கிவ்'விலிருந்து ஆரம்பியுங்கள். முதல் தடவை குரலை மட்டும் கேளுங்கள். இரண்டாவது தடவை டிரம்ஸை மட்டும். மூன்றாவது தடவை இரண்டையும். மொத்தம் பத்து நிமிஷம்கூட ஆகாது. சென்ட்ரலில் ஏறி ஆவடி லோக்கலில் போகிறவர்களுக்கு வில்லிவாக்கம் தாண்டுவதற்குள் முடிந்துவிடும். மூன்று தடவைக்கு அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் தப்பில்லை, அணைத்துவிடுங்கள். முதல் பத்து நொடியில் 'இது என்ன ரகம்?' என்று கேட்டு அணைக்காதீர்கள்.

லேத் நண்பருக்கு அந்தப் பாட்டை செல்போனில் அனுப்பி வைத்தேன். மறுநாள் அவரிடமிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது. "அந்தம்மா வேற என்னெல்லாம் பாடியிருக்கு சார்?"

'இதே மாதிரியா? இன்னும் ஒண்ணே ஒண்ணுதான்' என்று பதில் போட்டேன்.